எதிர் வரிசை

வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோயிலில் பாசுரம் சொல்கிற கோஷ்டியில் உட்கார்கிறவனுக்குப் பெருமாள் கொடுத்த பெரிய சலுகை இதுதான். சின்ன வயசில் உருப்போட்ட பாசுரம், வாய்க்கு நான் தேவையில்லை. அதை அதன் போக்கில் விட்டுவிட்டு மனசு காய்கறி வாங்கலாம், பென்ஷன் ஆபீஸுக்குப் போய் நிற்கலாம், பூமாவோடு நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரலாம், திரும்பி வந்து பார்த்தால் வாய் ஒரு சொல் பிசகாமல் அடுத்த பாட்டில் இருக்கும். இன்றைக்கு மனசு எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே குதிக்கிறது. இரண்டு தெரு தள்ளி, பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்து மாடியில், என் அக்கா பெண் வேதவல்லிக்குக் கல்யாணம். ஒன்பதரைக்கு மாலை மாற்றல். நான் மாமா, அவளைத் தோளில் நான் தூக்க வேண்டும். அறுபத்திரண்டு வயசில், வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிற நிலையில், தூக்கத்தான் போகிறேன். இப்போதெல்லாம் யார் தூக்குகிறார்கள், ஃபோட்டோவுக்காக ஒரு சாண் உயர்த்தி இறக்கிவிடுகிறார்கள். நான் அப்படி இல்லை. ஒரு வாரமாக மொட்டைமாடியில் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிப் பழகினேன். மூட்டை சிரிக்காது, மாலைக்கு எட்டாமல் முதுகை வளைத்துப் போக்குக் காட்டாது, இதெல்லாம் ஒரு பழக்கமா என்று பூமா துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். கேட்கட்டும். எதிர்ப்பக்கம் தமயந்தியைத் தூக்க அவளோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வருகிறாளாம். இரண்டு பேருமே மாட்டு வைத்தியம் படித்தவர்கள். கன்றுக்குட்டியைத் தூக்கிய கை. என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் போகிறாள். ஆமாம், சேலத்துத் தமயந்தியைத்தான் எங்கள் வேதா கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். பெண்ணைப் பெண். இந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதற்கே முன்பெல்லாம் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. இப்போது சரளமாக வருகிறது.

பத்துப் பாட்டு சேர்ந்த ஒரு பத்து முடிந்தது. எதிர்வரிசையிலிருந்து திருநாராயண ஸ்வாமியின் வலது கை லேசாக அசைகிறது, நான் அடுத்த பத்தின் முதல் சொல்லை எடுக்கிறேன், என் வரிசை என்னோடு சேர்ந்துகொள்கிறது. பெருமாளைச் சேவிக்க நடுவில் வழி விட்டு, இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். பாட்டின் முதல் பாதி எங்களுடையது, மறுபாதி எதிர்வரிசையுடையது. நாங்கள் கொடுக்க அவர்கள் வாங்க, அப்படியே பத்துப் பத்தாகப் போகும். எங்கள் வரிசையின் தலையில் நான், அந்த வரிசையின் தலையில் அவர். கோஷ்டிக்கே அவர்தான் தலை. எண்பது வயசாகியும் முதுகு சாய இடம் கேட்காது. போன மழைக்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டதிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டிருக்கிறார், கையசைவு மட்டும் அவருடையது. அவர் வைத்த சட்டங்களில் பெரியது ஒன்று உண்டு. எடுத்த பத்தை நடுவில் விடக்கூடாது. ஊரெல்லாம் வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் பிராகாரத்துக்குள் ஏறி, வேஷ்டி இடுப்புவரை நனைந்து, பிரசாதத் தட்டு எங்கள் நடுவே மிதந்து போயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு நாள் குரங்கு ஒன்று சேஷுவின் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு மதில் மேல் ஏறியது. சேஷு வாயில் பாசுரமும் கையில் கெஞ்சலுமாகப் பத்தை முடித்தார், அதற்குள் பை காலியாகிவிட்டது. இன்றைக்கும் அதே சேஷு எதிர்வரிசையில் ஸ்வாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பை இடுப்பில் பத்திரமாக இருக்கிறது, என்னை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறார். போன சனிக்கிழமையிலிருந்து அப்படித்தான்.

போன சனிக்கிழமை தீர்த்தம் வாங்கிய ஈரக் கையோடு ஸ்வாமியிடம் போய்க் கேட்டேன். அக்கா பெண்ணுக்குக் கல்யாணம், தேங்காய் உருட்டும்போது கோஷ்டி வந்து கல்யாணப் பாசுரம் சேவிக்க வேண்டும் என்று. யாரோடு கல்யாணம் என்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை. மறைத்தால்தான் என்ன, எங்கள் தெருவில் எது மறையும், பால்காரருக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். உத்தரீயத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தினமும் பேசுகிற அதே குரலில் சொன்னார். "கல்யாணம்னா இன்னதுன்னு நமக்குச் சொல்லி வெச்சிருக்கு. இது அதுல சேராது. கோஷ்டி வராது. நீர் போறதா இருந்தா அது உம்ம இஷ்டம், அதுக்கப்புறம் இங்க உமக்கு எடம் இல்லை." மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சேஷு கொடிமரத்தின் உச்சியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். நான் சரி ஸ்வாமி என்றுதான் சொன்னேன். போகாமல் இருப்பதாகவும் சொல்லவில்லை, போவதாகவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பூமாவிடம் சொன்னதும், அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தாமல், போகாம இருக்கப் போறேளா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றாள். அப்புறம் என்னவா. ஆக இன்றைக்குத்தான் நான் இங்கே உட்கார்கிற கடைசி நாள். நாளைக் காலையில் இந்த வாய் என்ன செய்யும்? பல் தேய்த்த பிறகு அதற்கு வேலையே இருக்காது. உற்சவத்தில் பெருமாளுக்கு முன்னால் நடக்கிறவன் இனிமேல் கூட்டத்தோடு நின்று, முழங்கையால் இடித்துக்கொண்டு, தீர்த்தத்துக்குக் கை நீட்ட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து என் வேஷ்டியே பளபளப்பாக்கிய கல் இது. நேற்றெல்லாம் இதை நினைத்து அழுகை வந்தது. இன்றைக்குக் காலையில் எழுந்தபோது, இதே நினைப்பு வந்தது, கூடவே அழுகை வரவில்லை. எப்படி வரும், வேதாவை நான் தூக்கப் போகிறேன்.

எங்கே விட்டேன். கல்யாணப் பாசுரம். வாய் சரியாகத்தான் போகிறது, இன்றைய பத்தில் ஏழாம் பாட்டு. வேதாவுக்கு அப்போது ஏழு வயசுகூட இருக்காது, பட்டுப்பாவாடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தாள், சித்தப்பா பிள்ளை கல்யாணம். மணமக்கள் தேங்காயை உருட்டி விளையாட, கோஷ்டி அந்தப் பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் கல்யாணத்தைக் கனவில் கண்டுவிட்டுத் தோழியைக் கூப்பிட்டுச் சொல்கிற பாட்டு. ஊரை அலங்கரித்ததைச் சொல்வாள், தீர்த்தம் கொண்டுவந்ததைச் சொல்வாள், கையைப் பிடித்ததைச் சொல்வாள், ஒவ்வொரு பாட்டிலும் தோழியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்வாள். நான் காதோடு அர்த்தம் சொன்னேன். குழந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தோழி என்ன பதில் சொன்னா மாமா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை உரை படித்திருக்கிறேன், எத்தனை பெரியவர்களின் காலட்சேபம் கேட்டிருக்கிறேன், ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஒருத்தி பத்துப் பாட்டாகச் சொல்கிறாள், இன்னொருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒரு ம்கூடக் கொட்டவில்லை. அடுத்த கல்யாணத்துல சொல்றேன் என்று சமாளித்தேன். அவள் விடுவாளா, ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்டாள். காலேஜில் சேர்ந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. போன மாதம் ஃபோனில்தான் மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்ட சாஸ்திரிகள் ஜுரம் என்று சொல்லிவிட்டார். கல்யாணத் தேதியன்று வரப்போகிற ஜுரத்தை ஒரு மாதம் முன்னாலேயே கண்டுபிடித்த வைத்தியர் யாரோ தெரியவில்லை. பதிவு ஆபீஸில் வழியே இல்லை, சட்டம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. "மந்திரம் இல்லைன்னா போகட்டும் மாமா. அந்தப் பத்துப் பாட்டு மட்டும் வேணும். நீங்க எல்லாரும் வந்து, ரெண்டு பக்கமா உக்காந்து, சொல்லணும்." இவ்வளவுதான் கேட்டாள். நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. நான் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல், மாமாவாயிற்றே.

இப்போது இரண்டு பக்கத்தையும் நானே சொல்லப் போகிறேன். அதையும் மொட்டைமாடியில் பழகியாயிற்று. முதல் பாதியைச் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபாதியையும் நானே சொல்ல வேண்டும். நன்றாகவே இல்லை. தனக்குத் தானே பந்து போட்டுத் தானே அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. முதல் பாதி முடிந்ததும் இந்த வாய் பழக்கத்தில் நின்றுவிடுகிறது, எதிரில் துணிக்கொடியில் தொங்குகிற புடவை ஏதாவது சொல்லுமா என்று காத்திருக்கிறது. பூமாவுக்குப் பாசுரம் வராது, அவள் தகப்பனார் ஸ்லோகத்தோடு நிறுத்திவிட்டார். போகட்டும், சமாளிக்கலாம். எட்டாம் பாட்டு. வேதா என்னிடம் முதலில் விஷயத்தைச் சொன்னபோது நான் சொன்னது என்ன? ஒன்றுமே சொல்லவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவன், எதற்கும் ஒரு தீர்வு உண்டு, ஃப்யூஸ் போயிருக்கும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறவன். ஒரு ஜோசியரிடம்கூடப் போனேன், அவர் புதன் சரியில்லை என்றார். அக்கா செங்கமலம் தினமும் அழுதாள், அத்திம்பேர் இருந்திருந்தால் நெஞ்சு வெடித்துப் போயிருப்பார் என்றாள். அத்திம்பேர், வேதாவின் அப்பா, காலமாகி வெகுநாளாயிற்று, அந்தச் சாது மனுஷனின் நெஞ்சு எதற்குத்தான் வெடித்தது என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதாவும் தமயந்தியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் ஹாலில் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் சண்டை. ஸ்கூட்டர் சாவியை யார் எங்கே வைத்தது என்று. நீதான் கடைசியா ஓட்டினே. நான் ஓட்டினேன், ஆனா சாவியை உங்கிட்டதான் கொடுத்தேன். எப்பக் கொடுத்தே? எப்பவும் நீ நான் சொல்றதைக் கேக்கறதே இல்லை. எப்பவுமா, எப்பவுமேவா? இது எனக்குத் தெரிந்த சண்டை. இந்தச் சண்டையை நான் பூமாவோடு முப்பத்தைந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், சாவி மட்டும்தான் வேறு. சிநேகிதிகள் இப்படிச் சண்டை போட மாட்டார்கள், அவர்களுக்கு இதற்குப் பொறுமை கிடையாது. கடைசியில் சாவி தமயந்தியின் பையிலேயே இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி, ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது ஆன்ட்டி என்றாள், வேதா பேசாமல் அவள் இலையில் அப்பளம் வைத்தாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன். இவர்களுக்குக் கல்யாணம் ஏற்கெனவே ஆகிவிட்டது, மாலைதான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது, பயத்துக்கு அடியில் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு ஜோசியரிடம் போகவில்லை.

மணி என்ன இருக்கும்? கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, ஸ்வாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். வெயில் கருடன் சந்நிதிப் படியில் ஏறிவிட்டது, அப்படியானால் எட்டரை இருக்கும், இன்னும் ஒரே ஒரு பத்து, பிறகு முடித்துவைக்கிற சாற்றுமுறை, தீர்த்தம், ஓட்டம். பூமா விடிவதற்கு முன்பே கோலப்பொடியோடு போய்விட்டாள். நீங்க கோஷ்டிக்குப் போய்ட்டு வாங்கோ, கடைசி நாளை விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பள்ளிக்கூடத்து மாடியில் இந்நேரம் ஊஞ்சல் கட்டியிருப்பார்கள். அக்கா ஜரிகைப் புடவையைக் கட்டிக்கொண்டாளா, இல்லை நேற்றுச் சொன்ன மாதிரி, நான் வரேன் ஆனா மூலையில உக்காந்துப்பேன் என்று நூல் புடவையில் உட்கார்ந்திருக்கிறாளா. கட்டியிருப்பாள். பூமா கட்ட வைத்திருப்பாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் என்ன கேட்பார்கள். கேட்கட்டும், என்ன ஓய் இப்படி ஓடறீர் என்றால், அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே ஓடுவேன், மாப்பிள்ளை யார் என்றால் திரும்பிப் பார்க்காமலே டாக்டர் என்று கத்துவேன். பொய் இல்லையே. முழங்காலே, இன்றைக்கு ஒருநாள். முதலில் நான் குனிய வேண்டும், அவள் தோளைப் பிடித்துக்கொள்வாள், மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும், எழுந்தவுடனே கூட்டம் கத்தும், தமயந்தி மாலையைத் தூக்கிக்கொண்டு வருவாள், நான் இரண்டடி பின்னால் போக வேண்டும், ஏமாற்ற வேண்டும், மாமா என்றால் ஏமாற்றத்தானே, கன்றுக்குட்டிக்காரி அந்தப் பக்கம் எம்புவாள், நான் இந்தப் பக்கம் சாய்வேன், வேதா தலைக்கு மேலே சிரித்துக்கொண்டு, மாமா விழுந்துடாதீங்கோ என்று, மூன்றாவது தடவை விட்டுக்கொடுத்துவிடுவேன், மாலை கழுத்தில் விழும், பிறகு உட்கார வைப்பார்கள், எதிரும் புதிருமாக, நடுவில் மஞ்சள் தடவிய தேங்காய், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரில் கை அசைகிறது, நான் எடுக்கிறேன், குரல் என்ன அழகாகக் கிளம்புகிறது, மாடியெல்லாம் நிறைகிற மாதிரி, என் வரிசை கூடச் சேர்ந்துகொள்கிறது. என் வரிசையா? மாடியில் எனக்கு ஏது வரிசை? கண்ணைத் திறக்கிறேன். கருடன் சந்நிதி, வெயில், எதிரில் திருநாராயண ஸ்வாமி. அவர் முகம் கல்லாகிவிட்டது. என் வாயில் வந்துகொண்டிருப்பது இன்றைய பத்து இல்லை. கல்யாணப் பத்து.

ஐயோ. இது மார்கழியும் இல்லை, கல்யாண உற்சவமும் இல்லை, ஒரு சாதாரணச் சனிக்கிழமை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. பெருமாளே, உமக்குத் தெரியும், ஒரு வாரமாக மொட்டைமாடியில் இதைத்தானே திரும்பத் திரும்பச் சொன்னேன், வாய் பழகின தடத்தில் போய்விட்டது. என் வரிசை பழக்கத்தில் என் பின்னாலேயே வந்துவிட்டது, பக்கத்தில் இருக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஆனந்தமாகச் சொல்கிறார், எதைச் சொல்கிறோம் என்றே அவருக்கு உறைக்கவில்லை. நிறுத்தலாமா? நடுவில் விடக்கூடாது. யார் சொன்னது, எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே அவர் சொன்னது. முதல் பாதி முடிகிறது. முடிந்துவிட்டது. இப்போது எதிர்வரிசை. ஒன்றும் வரவில்லை. ஒரு புறா தூணுக்குத் தூண் பறக்கிற சத்தம் கேட்கிறது. மொட்டைமாடிப் புடவை மாதிரி அத்தனை பேரும் எதிரில் தொங்குகிறார்கள். இப்படியே அவர்கள் பேசாமல் இருந்துவிட்டால், நான் எழுந்து, சாஷ்டாங்கமாக விழுந்து, உத்தரீயத்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான், போகத்தானே போகிறேன், கொஞ்சம் முன்னாலேயே போகிறேன் அவ்வளவுதான், ஆனால் பெருமாள் முன்னால் இந்தப் பாட்டு பாதியில் நின்றுபோனால் அந்தக் குழந்தைக்கு நல்லதா, நானே சொல்லிவிடட்டுமா மறுபாதியையும், மூச்சை இழுக்கிறேன். அப்போது ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல், சீவல் அடக்கிய குரல். சேஷு. கொடிமரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் தொடங்கியதும் எதிர்வரிசை மொத்தமும் விழுந்தடித்துக்கொண்டு சேர்ந்தது.

இரண்டாம் பாட்டு. கொடுத்தோம், வாங்கினார்கள். மூன்றாம் பாட்டில் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், என்னடி இன்னிக்குக் கல்யாணப் பாட்டு என்று பக்கத்தில் கேட்டது காதில் விழுந்தது. எல்லோருக்கும் இப்போது தெரியும். என்ன சொல்கிறோம் என்று தெரியும், இரண்டு தெரு தள்ளி என்ன நடக்கப் போகிறது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறார்கள். வாய் மட்டும் சொல்கிறதா, மனசும் சொல்கிறதா, அதை எப்படி நான் கண்டுபிடிப்பது, ஆனால் குரல் இறங்கவில்லை, ஏறுகிறது. ஸ்வாமியின் உதடு மட்டும் அசையவில்லை. முதுகு நிமிர்ந்திருக்கிறது, கண் பெருமாள் மேல் இருக்கிறது, கை மடியில் இருக்கிறது. நான்காம் பாட்டு, ஐந்தாம் பாட்டு. வேதா, உன் கோஷ்டி சொல்கிறதடி. உன் மாடிக்கு வராத கோஷ்டி பெருமாள் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு உன் கல்யாணத்தைச் சொல்கிறது. இந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆறாம் பாட்டு, கையைப் பிடிக்கிற பாட்டு. அதை எடுத்தேன். சாவியை எடுத்து வைத்த கையும் அப்பளம் வைத்த கையும் கண் முன்னால் வந்தன. ஒரு சொல் வரவில்லை, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, என் வரிசை என் வாயைப் பார்த்து அப்படியே நின்றது. அந்த இடைவெளியில் எதிரிலிருந்து அந்தச் சொல் வந்து விழுந்தது, தெளிவாக, தொண்டை கட்டியே இராத மாதிரி. திருநாராயண ஸ்வாமி. பாசுரத்தில் ஒரு சொல் விட்டுப்போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது எந்தப் பாசுரமாக இருந்தாலும், யாருக்காக இருந்தாலும். நான் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். அவரும் அதன் பிறகு நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, எதிர்வரிசையின் தலையில் அவர் குரல், எங்கள் வரிசையின் தலையில் என் அழுகைக் குரல், முடித்தோம். தோழி என்ன பதில் சொன்னாள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் இன்று எதிர்ப்பக்கம் பதில் சொன்னது.

சாற்றுமுறை எப்படி முடிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வாயைத்தான் கேட்க வேண்டும். எழுந்தோம். முழங்கால் முனகியது. பட்டர் தீர்த்தம் கொண்டுவந்தார், முதலில் ஸ்வாமிக்கு, அடுத்தது எனக்கு, இது கடைசித் தடவையா என்று நினைத்துக்கொண்டே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நான் செய்தது தப்பு, ஆனால் அந்தத் தப்பைத் திருப்பி எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டேன். தூணோரம் அவர் ஈரக் கையை உத்தரீயத்தில் துடைத்துக்கொண்டு நின்றார். நான் போய் எதிரில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெருமாள் இருக்கிற பக்கம் பார்த்தபடியே சொன்னார். "ஆறாம் பாட்டுல ஒரு சொல்லை விட்டுட்டீர். அங்க விடாதேயும்."

நான் சரி ஸ்வாமி என்றேன். நாளைக்கு எனக்கு இடம் உண்டா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் அவர் குரல் கேட்டது. என்னிடம் இல்லை. "சேஷு, இவர் ஒத்தையாப் போய் ரெண்டு வரிசையும் சொல்லப் போறார் போல இருக்கு. அப்படிச் சொல்ற வழக்கம் கிடையாது."

சேஷு அதற்குள் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.